புதிதாக வகுப்பாசிரியர் ஆனவர்களுக்கு: பிள்ளைகளின் நலனை எங்கிருந்து கவனிக்கத் தொடங்குவது?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியர் கூப்பிட்டு, "ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு நீங்கதான் கிளாஸ் டீச்சர்" என்று சொல்லிவிடுவார். வருகைப் பதிவேடு, எமிஸ் (கல்வித்துறையின் இணையவழி மாணவர் விவரத் தொகுப்பு) பதிவு, விலையில்லாப் பாடநூல் பட்டியல், உதவித்தொகை விண்ணப்பம் என்று வேலைகள் வரிசையாக மேசைக்கு வரும். இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று சொல்லித்தரப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் இருப்பார். அந்த நாற்பது, ஐம்பது பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலைதான் என்பதை மட்டும் யாரும் தனியாக எடுத்துச் சொல்லமாட்டார்கள். பி.எட். படிப்பில் வளரிளம் பருவ உளவியல் ஒரு தாளாக இருந்திருக்கும். ஒரு பெண் மூன்று நாளாக யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நாலாம் நாள் என்ன செய்வது என்பது அதில் இருந்திருக்காது.

தமிழ்நாட்டின் அரசு, உதவிபெறும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். நீங்கள் மனநல ஆலோசகர் இல்லை, ஆக முயலவும் வேண்டாம். உங்கள் பங்கு நான்கு: கவனிப்பது, காதுகொடுத்துக் கேட்பது, சரியான ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, சேர்த்த பிறகும் விடாமல் விசாரிப்பது. முதல் மூன்றையும் நல்ல ஆசிரியர்கள் பலர் செய்கிறார்கள். நாலாவதில்தான் பிள்ளைகள் கைவிடப்படுகிறார்கள் என்பது என் அனுபவம். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன்.

முதல் இரண்டு வாரம்: பெயரும் போன் நம்பரும்

ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், யாரோடு இருக்கிறார், பள்ளிக்கு எப்படி வருகிறார், வீட்டில் உடன்பிறந்தவர் யாராவது இதே பள்ளியில் படிக்கிறாரா. இவ்வளவு போதும். இதை வகுப்பில் பொதுவாகக் கேட்காதீர்கள். "அப்பா இல்லாதவங்கல்லாம் எழுந்திருங்க" என்று உதவித்தொகைப் பட்டியலுக்காக ஒரு வகுப்பே பார்க்கப் பிள்ளைகளை நிற்கவைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. சாதிவாரியாகப் பெயர் வாசிப்பதும் அப்படித்தான். ஒவ்வொருவராக மேசைக்கு வரச்சொல்லி, மெதுவான குரலில் கேட்டு எழுதினால் கூடுதலாக இரண்டு பாடவேளை ஆகும், அவ்வளவுதான்.

எமிஸில் இருக்கும் போன் நம்பரை நம்பி இருந்துவிட வேண்டாம். அது பெரும்பாலும் சேர்க்கையின்போது கொடுத்தது. சித்தப்பாவுடையதாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கலாம், ரீசார்ஜ் செய்யாமல் கிடக்கலாம். "இந்த நம்பருக்குப் போட்டா யார் எடுப்பாங்க?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: "உனக்கு உடம்பு முடியலன்னா யாருக்குப் போன் பண்ணினா நீ சந்தோஷப்படுவ?" இரண்டுக்கும் வேறு வேறு பதில் வந்தால் இரண்டாவதைத்தான் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அது ஆயாவாக இருக்கும், மாமாவாக இருக்கும், திருமணமாகிப் போன அக்காவாக இருக்கும்.

வீட்டுக்குப் போகும் முதல் போன் நல்ல சேதிக்காக இருக்கட்டும். "அம்மா, நான் ஸ்கூல்ல இருந்து பேசறேன். பையன் ஒண்ணும் தப்பு பண்ணல, பயப்படாதீங்க. இன்னைக்கு வகுப்புல நல்லா பதில் சொன்னான், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." பள்ளியிலிருந்து போன் என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும் அம்மாக்களுக்கு இது புதுசு. ஆறு மாதம் கழித்துக் கஷ்டமான விஷயத்துக்காகப் போன் செய்யும்போது அவர்கள் எடுப்பார்கள்.

இடம் மாற்றி உட்காரவைப்பதையும் முதல் வாரமே தொடங்கிவிடுங்கள். ஒரே தெருக்காரர்கள் ஒரே பெஞ்சில் கூடுவது நட்பாகவும் இருக்கலாம், சாதியாகவும் இருக்கலாம். மணிக்கட்டுக் கயிற்றின் நிறமும் அப்படி. அகர வரிசைப்படி அமர்த்தி, வாரம் ஒரு வரிசை நகர்த்தினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

வருகைப் பதிவேட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வது

எமிஸ் செயலியில் வருகையைப் பதிந்ததும் வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். மாதக் கடைசியில் பத்து நிமிடம் ஒதுக்கி அந்த மாதம் முழுவதையும் குறுக்காகப் பாருங்கள். செவ்வாய்தோறும் தாமதமாக வரும் பையனின் ஊரில் அன்றைக்குச் சந்தை. அம்மாவோடு கூடை தூக்கி இறக்கிவிட்டு வருகிறான். அவனைத் திட்டுவதற்குப் பதில் முதல் பாடவேளை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும். மாதம் மூன்று நாள் ஒரே மாதிரி வராமல் இருக்கும் பெண்ணுக்குக் கடும் வயிற்றுவலி இருக்கலாம், இல்லை, பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராமல் இருக்கலாம். குறிப்பிட்ட ஒரு பாடவேளைக்கு மட்டும் காணாமல் போகிற பிள்ளை அந்த ஆசிரியருக்குப் பயப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமை வராதவர்களின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கிறது என்பதையும் யோசியுங்கள்.

தகவல் சொல்லாமல் மூன்று நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் மாலைக்குள் யாராவது ஒருவர் அந்தப் பிள்ளையின் வீட்டில் பேசியிருக்க வேண்டும். பிள்ளை தொழிற்சாலைக்கோ செங்கல் சூளைக்கோ அனுப்பப்பட்டிருந்தால் முதல் வாரத்தில் திருப்பிக் கூட்டிவருவது சுலபம். கையில் சம்பளம் வாங்கிவிட்ட பிறகு கடினம்.

காலை வணக்கக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து மதிய உணவு மட்டும்தான். பதினொன்று, பன்னிரண்டுக்கு அதுவும் இல்லை. பேருந்துக்காக ஆறரை மணிக்குக் கிளம்பும் பெண் டீயோடு வந்திருப்பாள். மயங்கிய பிள்ளையிடம் முதல் கேள்வி "காலைல என்ன சாப்பிட்ட?" என்பதாக இருக்கட்டும். வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை மதிய உணவுக்குப் பிறகு கொடுங்கள். வெறும் வயிற்றில் போட்டு ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் அடுத்த வாரம் வகுப்பே மாத்திரையை ஜன்னல் வழியே எறியும்.

கேட்பது

எங்கே பேசுவது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றவர்கள் பார்க்க முடிகிற, ஆனால் பேச்சு காதில் விழாத இடம் வேண்டும். வராந்தாவின் கடைசி, வேப்பமரத்தடி, கதவு திறந்திருக்கும் ஆய்வகம். மூடிய அறை கூடாது. ஆசிரியர்கள் அறை கூடவே கூடாது. தனிப்பட்ட வாட்ஸ்அப் செய்தியில் பிள்ளைகளோடு பேச்சு வைத்துக்கொள்ள வேண்டாம். அது அவர்களுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

"உனக்கு என்ன பிரச்சினை?" என்று தொடங்கினால் "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் வரும். பார்த்ததை மட்டும் சொல்லித் தொடங்குங்கள்.

"நேத்து கணக்கு பீரியட்ல பெஞ்ச்ல தலைசாய்ச்சுப் படுத்திருந்தே. இன்னைக்குச் சாப்பிடவும் போகல. உடம்பு சரியில்லையா, வேற எதுவும் இருக்கா?"

"ஒண்ணுமில்ல சார்."

"சரி. இப்பவே சொல்லணும்னு இல்ல. நாளைக்கு மத்தியானம் லேப்ல நோட்டுத் திருத்திட்டு இருப்பேன். வந்து கொஞ்சம் அடுக்கிக் குடுக்கறியா?"

அடுத்த நாள் அவன் வருவான். நோட்டுகளைச் சரியாக அடுக்கமாட்டான். ஒரே நோட்டை இரண்டு தரம் எடுத்து வைப்பான். நீங்கள் தலையைக் குனிந்து திருத்திக்கொண்டே இருங்கள். பையன்கள் பலருக்கு முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேச வராது, கையில் வேலை இருந்தால் வாய் திறக்கும். "அப்பா மறுபடி வேலைக்குப் போகல சார்" என்று ஒரு வரி வந்தால் பேனாவை மூடிவைத்துவிட்டு நிமிருங்கள். புத்திமதி சொல்லாதீர்கள். "எங்க காலத்துல" என்று ஆரம்பிக்காதீர்கள். "அப்புறம்?" என்ற ஒரு சொல் போதும்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்" என்று ஏதாவது ஒரு நாள் ஒரு பிள்ளை கேட்கும். அந்தச் சத்தியத்தைச் செய்யாதீர்கள். "தேவையில்லாம யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உனக்கு ஆபத்துன்னா, அதைத் தடுக்கக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன். யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லுங்கள். இதைக் கேட்டுவிட்டு அன்றைக்குப் பேசாமல் எழுந்துபோன பிள்ளைகளும் திரும்பி வந்திருக்கிறார்கள்.

பேசியதை அன்று மாலையே பிள்ளையின் சொற்களிலேயே தேதி போட்டு எழுதி, பூட்டுள்ள இடத்தில் வையுங்கள். உங்கள் ஊகத்தை அதில் கலக்க வேண்டாம். ஆசிரியர்கள் அறையில் இதைப் பற்றிப் பேச்சு கூடாது.

எதை யாரிடம் கொண்டுபோவது

பெரும்பாலானவை உங்கள் மட்டத்திலேயே தீரும். கண்ணாடி இல்லாமல் போர்டு தெரியாத பிள்ளை, சீருடை கிழிந்ததால் வராத பிள்ளை, தோழியோடு சண்டை. உடல்நலத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையமும் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவும் இருக்கின்றன. மனநலத்துக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் இருக்கிறார். அங்கே எந்தக் கிழமை போகலாம் என்று ஜூன் மாதமே விசாரித்து வையுங்கள். தொலைபேசி வழி மனநல உதவிக்கு 14416, டெலி மானஸ். இருபத்துநாலு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான அவசர எண் 1098. இவற்றைச் சுவரொட்டியில் ஒட்டியதோடு விடாமல் பிள்ளைகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதவையுங்கள். பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் "மாணவர் மனசு" பெட்டி உங்கள் பள்ளியில் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்தால் அதில் யார் சீட்டுப் போடுவார்கள்? இடம் மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்று விஷயங்களில் தாமதமே கூடாது.

முதலாவது, பாலியல் துன்புறுத்தல். பதினெட்டு வயதுக்குட்பட்ட யாருக்கு நடந்தாலும், நடந்திருக்கும் என்று தெரிந்தாலோ, நடக்கலாம் என்ற அச்சம் இருந்தாலோ, காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உங்கள் கடமை. தெரிவிக்காமல் விட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. நிறுவனத் தலைவருக்கு அது இன்னும் கூடுதல். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. "பள்ளிப் பேரு கெட்டுடும், நாமளே பேசி முடிச்சிக்கலாம்" என்று யாராவது சொன்னால் அதற்கு உடன்படாதீர்கள். தலைமையாசிரியர் தயங்கினாலும் உங்கள் கடமை அப்படியே இருக்கிறது. 1098க்கு நீங்களே அழைக்கலாம். பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிக்க வேண்டாம். என்ன, யார், இப்போது பாதுகாப்பாக இருக்கிறாயா, இவ்வளவு தெரிந்தால் போதும். குற்றம் செய்தவர் வீட்டு ஆளாக இருந்தால் முதல் போன் வீட்டுக்குப் போகக் கூடாது. வாக்குமூலம் வாங்க வருபவர் சீருடையில் வரக் கூடாது, பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும், கூடியவரை பெண் உதவி ஆய்வாளராவது வர வேண்டும் என்பதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. தெரிந்து வைத்திருந்தால் கேட்டு வாங்கலாம். பிள்ளையின் பெயர் எந்தக் குழுவிலும் எந்த உருவத்திலும் வெளியே போகக் கூடாது.

இரண்டாவது, உயிரைப் பற்றிய பேச்சு. "நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி" என்பது போன்ற வார்த்தை, பிடித்த பொருள்களைத் தோழிகளுக்குக் கொடுத்துவிடுவது, நோட்டின் ஓரத்தில் எழுதுவது, கையில் காயங்களை மறைப்பது. இவற்றில் எதைப் பார்த்தாலும் நேராகவே கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்ற ஆறுதல்தான் பல பிள்ளைகளுக்கு வரும். ஆமாம் என்றால் அந்த நேரத்திலிருந்து பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். வீட்டுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். பெற்றோரை வரவழைத்து, தலைமையாசிரியர் முன்னிலையில் திட்டாமல் பேசி, அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரை எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விவசாய வீடுகளில் இந்த ஒரு வேலை உயிரைக் காப்பாற்றும். "போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்று பெற்றோர் பயப்படுவார்கள். முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்வதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, குழந்தைத் திருமணம். பெண்ணுக்குப் பதினெட்டு ஆகாமல் செய்யும் கல்யாணத்தைத் தடுக்க மாவட்டச் சமூக நல அலுவலர் இருக்கிறார், 1098 இருக்கிறது. ஆனால் சேதி முதலில் தோழிகளுக்குத்தான் தெரியும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரிடம் பேசும்போது, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சட்டத்தை மட்டும் காட்டினால் கல்யாணம் வேறு ஊருக்கு மாறிவிடும்.

சேர்த்துவிட்ட பிறகு

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியது அதே பள்ளியில் படித்த பிள்ளைகள். சாதியின் பெயரால் தனக்கு நடந்த துன்புறுத்தலை அவன் பள்ளியில் சொன்ன பிறகு நடந்தது இது. அதையொட்டித்தான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. வகுப்பாசிரியர் அந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைமேல் புகார் சொன்னால், விசாரணையைத் தொடங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி: இன்றைக்குச் சாயங்காலம் இந்தப் பிள்ளை எப்படி வீட்டுக்குப் போகும்? எந்தப் பேருந்தில், யாரோடு, எந்தத் தெரு வழியாக? புகார் சொன்னவரையும் சொல்லப்பட்டவரையும் ஒன்றாக நிற்கவைத்து "கை குடுத்துக்கங்க" என்று சமாதானம் செய்துவைப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். மறுநாள் காலை அந்தப் பிள்ளை வந்ததா என்று நீங்களே பாருங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள், "இப்ப எப்படிப் போகுது?"

மருத்துவமனையிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ நீண்ட விடுப்பிலிருந்தோ திரும்பி வரும் முதல் நாளும் இப்படித்தான். அந்தப் பிள்ளைக்கு அன்று காலை பள்ளி வாசலைத் தாண்டுவதே பெரும்பாடு. முந்தின நாளே பேசி, "யாராவது கேட்டா என்ன சொல்லணும்?" என்று இருவருமாக ஒரு பதில் முடிவு செய்துகொள்ளுங்கள். "காய்ச்சல்" என்று பிள்ளை சொல்ல விரும்பினால் காய்ச்சல்தான். பாட ஆசிரியர்களிடம் காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு வாரம் எழுந்து நிற்கவைத்துக் கேள்வி கேட்க வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதும். மருந்து சாப்பிடுகிற பிள்ளைக்கு வகுப்பில் தூக்கம் வரும். விடுங்கள்.

பிள்ளையை 1098க்கோ மருத்துவரிடமோ ஒப்படைத்த பிறகு "இனி அவங்க பார்த்துப்பாங்க" என்று தோன்றுவது இயல்பு. அவர்கள் பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த முகம் உங்களுடையது மட்டும்தான். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் போக வேண்டி வந்தால் எப்படிப் போகிறார்கள், யார் கூடப் போகிறார்கள் என்று கேளுங்கள். அடுத்த மருத்துவமனைத் தேதியை உங்கள் நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

கூல் லிப்பும் பிற பழக்கங்களும்

கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே கூல் லிப் என்ற சின்னப் புகையிலைப் பொட்டலத்தை ஒதுக்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையன்களை இப்போது எட்டாம் வகுப்பிலேயே பார்க்கிறோம். கழிப்பறை மூலையில் உறைகள் கிடக்கும். பிடிபட்டவனைக் காலைக் கூட்டத்தில் நிறுத்தினால் அவன் பள்ளியை விடுவானே தவிரப் பழக்கத்தை விடமாட்டான். யார் கொடுத்தது, எப்போது தொடங்கியது, நிறுத்த முயன்றானா என்று தனியாகக் கேளுங்கள். ஈறு புண்ணாகியிருந்தால் பல் மருத்துவரிடம் அனுப்புங்கள். அடுத்தது கடை. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் வழியாகவே கடை விவகாரத்தை எழுப்பினால் வேகமாக நடக்கும்.

தேர்வும் மே மாதமும்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வரும் நாள் உங்களுக்கு வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் யார் தவறக்கூடும் என்று உங்களுக்கு முன்பே தெரியும். முதல்நாள் இரவே அந்தப் பிள்ளைகளையும் வீட்டாரையும் தனித்தனியே அழைத்து, முடிவு எப்படி வந்தாலும் உடனே துணைத் தேர்வு இருக்கிறது, எழுதி அதே ஆண்டில் மேலே சேரலாம் என்று சொல்லுங்கள். முடிவு வந்த கையோடு மறுபடி அழையுங்கள். நானூற்றைம்பது எதிர்பார்த்து முந்நூற்றுத் தொண்ணூறு வாங்கிய பிள்ளையையும் மறக்க வேண்டாம். தேர்ச்சி விகிதக் கணக்கில் அந்தப் பிள்ளையின் அழுகை தெரியாது.

கோடை விடுமுறையில்தான் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள். மில்லுக்குப் போவதும் கல்யாணம் நிச்சயமாவதும் அப்போதுதான். உங்கள் நோட்டில் கவலைக்குரியவை என்று மடித்துவைத்த பக்கங்கள் ஏழெட்டு இருக்கும். மே மாதம் இரண்டு தரம் அவர்களுக்குப் போன் போடுங்கள். "சும்மாதான் கூப்பிட்டேன், அடுத்த வருஷம் என்ன குரூப் எடுக்கப்போற?" என்று கேட்டாலே வீட்டு நிலவரம் பாதி தெரிந்துவிடும்.

இதையெல்லாம் தனியாகச் சுமக்க முடியாது. உங்களுக்கே மனம் கனத்துத் தூக்கம் கெட்டால், பிள்ளையின் பெயர் சொல்லாமல் நீங்களும் 14416க்குப் பேசலாம். பள்ளியில் உங்களைப் போல அக்கறையுள்ள இன்னொரு ஆசிரியரைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் அவர் பார்ப்பார்.

மறு ஜூனில் உங்கள் பிள்ளைகள் வேறு வகுப்பாசிரியரிடம் போவார்கள். பதிவேடுகளை ஒப்படைக்கும்போது அரை மணி நேரம் அவரோடு தனியாக உட்காருங்கள். பிள்ளை சொன்ன ரகசியங்களை எடுத்துக் கொடுக்க வேண்டாம். இந்தப் பெண்ணின் அம்மா நம்பர் இது, அப்பா நம்பருக்குப் போட வேண்டாம். இந்தப் பையனுக்குச் செவ்வாய் தாமதமாகும். இவளுக்கு ஆகஸ்டில் மருத்துவமனைத் தேதி இருக்கிறது. இவன் கேட்டால் பேசமாட்டான், நோட்டு அடுக்கச் சொன்னால் பேசுவான். இவற்றை மட்டும் சொல்லிவிடுங்கள்.